போலி ரோமக் காசைக் கண்டுபிடிக்கக் கைகண்ட வழிகள்

ஏலத்தில் ஒரு பொட்டலம் ரோமச் செம்புக்காசு எடுத்துவிட்டீர்கள். பாதி களிம்பு, பாதி மண். இதில் எது அரசு அக்கசாலையில் அடித்தது, எது கி.பி. 270களில் பிரிட்டனிலும் இன்றைய பிரான்சிலும் ஊர்ப் பட்டறைக்காரர்கள் பார்த்து அடித்தது? நிபுணர்களே தலையைச் சொறியும் கேள்வி. நீங்கள் சொறிய வேண்டாம். கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. காசைக் கழிப்பறை கழுவும் ஆசிட்டில் போடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் எழுத்தெல்லாம் போயிருக்கும். எழுத்தே இல்லாத காசு போலியாகத்தானே இருக்க வேண்டும்? முதல் படியிலேயே வெற்றி.

2. முகத்தைப் பாருங்கள். பிடிக்கவில்லையா, போலி. பக்கத்தில் அசல் காசு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். போலிக்காரர்கள் அதிகம் பார்த்து அடித்தது டெட்ரிகஸின் காசை. 271 முதல் 274 வரை மேற்கே தனி ஆட்சி நடத்தியவர். அவருடைய சொந்த அக்கசாலையே அவசர அடியாகத்தான் அடித்திருக்கிறது: வெள்ளி பேருக்கு, தலை ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும், பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே. நல்ல அசல்கள் இருபது முப்பதைப் பார்த்துவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வர ஆரம்பித்துவிடும். சந்தேகம் வந்தால் வேலை ஓடாது.

3. எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள். ஆசிட்டுக்குத் தப்பிய காசு ஒன்றிரண்டு இருந்தால் தொல்லைதான். உருப்பெருக்கியில் பார்த்தால் பேரரசர் பட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செங்குத்துக் கோடுகள், நடுவே ஒரு ‘வி’, மறுபடி கோடுகள். கிரீடத்தின் கதிர்கள் சீப்புப் பல்லாக நிற்கும். கண் ஒரு புள்ளி. பின்பக்கத்தில் அமைதித் தேவதைக்கு உடம்பே நாலு கோடு. இவற்றையெல்லாம் கவனித்தால் அது தேய்ந்து மறைந்த எழுத்தா, முதலிலேயே வெட்டாத எழுத்தா என்று புரிந்துவிடும். எனவே உருப்பெருக்கியைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுங்கள்.

எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தால் உடனே குப்பையில் போடுங்கள். அரைகுறை அச்சு வெட்டி அசல் காசைப் பார்த்தது பார்த்தபடியே அச்சில் வெட்டியிருப்பான், அடிக்கும்போது திரும்பி விழுந்திருக்கும். போலிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆகவேதான் குப்பை.

4. தராசு வாங்காதீர்கள். சின்னதெல்லாம் போலி, பெரியதெல்லாம் அசல். டெட்ரிகஸ் அசல் ஏறக்குறைய 18, 20 மில்லிமீட்டர். நகல்கள் 10-க்கும் கீழே போகும். அது போதும். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அரசே பொடிக்காசுதான் அடித்தது, கரூரிலும் மதுரையிலும் ஆற்றுமணலில் அகப்பட்டவை அந்த ரகம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். அவற்றைப் பார்த்து இலங்கையிலேயே அடித்த நகல்களும் உண்டு என்பார்கள். விடாமல் மாற்றுங்கள்.

5. காலம் சொல்ல அசிங்கத்தை அளவுகோலாக வையுங்கள். அழகாக இருந்தால் பழையது, கோரமாக இருந்தால் பிந்தியது. இதற்குப் பெரிய இடத்து ஆதரவே உண்டு. நம் அரிக்கமேட்டை 1945இல் தோண்டிய மார்டிமர் வீலர், அதற்கு முன் 1928-29இல் பிரிட்டனில் லிட்னியைத் தோண்டினார். அங்கே கிடைத்த நுணுக்குக் காசுகளை ரோமர் போனபிறகு வந்த இருண்ட காலத்தவை என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள் அவை நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிதான் என்று நிறுவிவிட்டார்கள். விழுந்த குதிரைவீரனைக் குத்தும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காசுகளின் நகல்களும் அந்தக் காலத்தவைதான். வீலருக்கே சறுக்கிய இடம். உங்களுக்கு என்ன வெட்கம்?

6. யார் அடித்தது என்று கேட்டால் ‘காட்டுமிராண்டிகள்’ என்று சொல்லுங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள், தாடி வைத்தவர்கள் என்று சேர்த்துக்கொள்ளலாம். பேரரசுக்கு உள்ளேயே, சில்லறைத் தட்டுப்பாட்டில் சந்தைக்குப் போக வழியில்லாத சாதாரண ஜனங்களுக்காக அடித்த காசு என்பது கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

7. எந்த ஊர், எந்த வயல் என்று எழுதிய சீட்டு காசோடு வந்தால் கிழித்துவிடுங்கள். பிறகு எல்லாப் பொட்டலத்தையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்குங்கள். ஒரே அச்சில் விழுந்த காசுகள் எங்கெங்கே கிடைத்தன என்பதை வைத்துத்தான் பட்டறை எந்த வட்டாரத்தில் இருந்தது என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். போலிக்காசில் அக்கசாலைக் குறியை நம்ப முடியாது. குறி இருந்தாலும் அதுவும் நகல்தான். அந்தச் சீட்டுதான் அவர்களுக்கு இருந்த ஒரே துப்பு.

விலைச்சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது வேண்டியிருக்கும்.