சுண்ணாம்பு வந்த வழி

(இந்த வாரம் இலுப்பூர் வாசகர்களின் கேள்விகள்)

கே: போர் தண்ணீரைக் காய்ச்சும் சட்டியில் வெள்ளையாகப் படிகிறதே, உப்பா?

ப: நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்காது. அது சுண்ணாம்பு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்று லேசாகப் புளித்து, வழியில் கிடைக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. காய்ச்சினால் வாயு பறந்துவிடும். சுண்ணாம்பு சட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.

கே: சூட்டில் எல்லாமே நன்றாகக் கரையும் என்றுதானே படித்தோம்?

ப: சர்க்கரைக்கு அது சரி. கறியுப்புக்குச் சூடு ஒரு பொருட்டில்லை: 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் 36 கிராம் கரையும், கொதிக்கும்போதும் 39தான். சுண்ணாம்போ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும்.

கே: எவ்வளவு தேய்த்தும் போகவில்லை!

ப: கையை வருத்தாதீர்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறவிடுங்கள். பொங்கும் நுரை, அதே கரியமில வாயு.

கே: (பள்ளி மாணவி) படிகாரக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். பெரிய படிகம் வரவில்லை, பொடிப்பொடியாக வந்தது.

ப: சீக்கிரம் ஆறவைத்திருப்பாய். சட்டென்று குளிர்ந்தால் ஆயிரம் இடத்தில் படிகம் முளைக்கும். இருக்கும் படிகாரத்தை அத்தனையும் பங்குபோட்டுக்கொள்ளும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்களைக் கேள்: பாகில் நூலைக் கட்டிவிட்டு, வாரக்கணக்கில் பானையை அசைக்கவே மாட்டார்கள். நீயும் ஒரே ஒரு நல்ல படிகத்தை நூலில் கட்டி, துணியால் மூடி, மறந்துவிடு.

கே: வளர்ச்சி நின்றபின் கரைசலில் ஒன்றும் நடக்காதா?

ப: ஒரு நொடிகூட ஓய்வில்லை. படிகத்திலிருந்து கழல்வதும் வந்து ஒட்டுவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். இரண்டும் சமமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மிக நுண்ணிய படிகங்கள் சற்று எளிதில் கரையும். கரைந்தது பெரியவற்றில் போய்ச் சேரும். இதற்கு ஆஸ்ட்வால்டு என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் பெயரே நிலைத்துவிட்டது. 1909இல் நோபல் பரிசு பெற்றவர்.

கே: சித்தன்னவாசல் ஓவியத்தைத் தொட்டால் என்ன? ஆயிரம் வருஷம் தாங்கியதாயிற்றே!

ப: தயவுசெய்து வேண்டாம். அன்னவாசலைத் தாண்டினால் வரும் அந்தக் குடைவரையின் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் இருப்பது சுண்ணாம்புச் சாந்தின் மேல். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இழுத்துப் படிகமாக இறுகியது. உங்கள் சட்டியில் வாயு வெளியேறியதால் பிறந்த அதே பொருள், அங்கே வாயு உள்ளே புகுந்ததால் பிறந்திருக்கிறது. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் பரமசிவன் இந்தச் சாந்தைச் சோதித்து ஆராய்ந்தார். விரலின் வியர்வை லேசான அமிலம். நம் மூச்சிலோ ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தே வருகின்றன. மண்ணுக்குள் சுண்ணாம்பைக் கரைத்த அதே கூட்டணி. பிரான்சின் லாஸ்கோ குகைக்குப் பார்வையாளர் கூட்டத்தின் மூச்சே ஆபத்தாகி, 1963இல் அதை மூடினார்கள். சித்தன்னவாசல் இன்னும் திறந்திருக்கிறது. போங்கள், அண்ணாந்து பாருங்கள். கை மட்டும் பின்னால் கட்டியே இருக்கட்டும்.