கைராசிக்காரருக்கு ஒரு பாராட்டு

அண்ணே, உங்கள் கைத்திறமையை வாயாரப் புகழாமல் இருக்க முடியவில்லை. தேய்ந்துபோன டிஸ்க் பிரேக் பேடின் இரும்புத் தகட்டை எறியாமல் எடுத்துவைக்கிறீர்கள். லாரியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய லைனிங்கை ஆக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவி, கடையில் விற்கும் எபாக்சி பசையைத் தடவி வைஸில் இறுக்கினால் புதுப் பேட் தயார். கம்பெனிக்காரன் இதே பேடுக்கு ஃபீனாலிக் பிசினும் நாரும் உலோகத் தூளும் கலந்து, சூடான அச்சில் அழுத்தி, மறுபடியும் அடுப்பில் வேகவைக்கிறான். உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை, பாவம், அவனுக்கு இல்லை.

உங்கள் பேட் நல்ல குணமுள்ளது. தெருமுனைவரை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குறையும் வைக்காது. வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு காசு கொடுக்கும்வரை பிடித்து நிற்கும். பிறகு அவர் கொல்லிமலைக்குப் போவார். ஆளும் வண்டியுமாக 200 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த ஏறத்தாழ 28,000 ஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். இறங்கும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். டிஸ்க் நூற்றுக்கணக்கான டிகிரிக்குக் கொதிக்கும். சாதாரண எபாக்சியோ 100 டிகிரியைத் தொடும் முன்பே இளகிவிடும். லைனிங் தகட்டைவிட்டு நழுவினால் பிஸ்டன் வெளியே தள்ளும், ஆயில் கசியும், லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய பேடில் தேய்மானம் காட்ட ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். முன்கூட்டியே சொல்லி யாரையும் பயமுறுத்தும் அந்தப் பழக்கம் உங்கள் பேடுக்குக் கிடையாது.

கொடையிலும் நீங்கள் குறைந்தவரல்ல. ராவும்போது பறக்கும் தூளில், மூக்கை மூடாமல் பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் பங்கு தருகிறீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்தால் அது சாமானியக் கொடையா? நெஞ்சுக்குள் இறங்கிய இழை 20, 30 ஆண்டு கழித்தும் உங்களை மறக்காமல் புற்றுநோயாக வந்து நிற்கும். அதற்குள் பையன் சொந்தப் பட்டறைகூட வைத்திருப்பான்.

டிரம் பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் வைத்து ரிவெட் அடிப்பது முறையான தொழில். அதற்கென்றே செய்த லைனிங், அதற்கென்றே போட்ட துளை. அதைப் புகழ எனக்கு இவ்வளவு வார்த்தை தேவைப்பட்டிருக்காது.

உங்களுக்கு முன்னோடியும் உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேயவே, வழியில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடித்துக்கொண்டார். அந்த வண்டி ஆளை மிரட்டும் வேகம் போகாது. ஆனாலும் தோல் அடித்த பிரேக்கை நம்பி அவரே ஏறி உட்கார்ந்தார். இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டார். அடக்கத்தில் நீங்கள் அவரை மிஞ்சிவிட்டீர்கள் அண்ணே: உங்கள் மகன் ஓட்டும் வண்டிக்குக் கம்பெனிப் பேட் வாங்கி மாட்டியிருக்கிறீர்கள்.