கெளுத்தி சார்

புயல் வருகிறது என்றால் எங்கள் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வேலை வந்துவிடும். தரைத்தளத்துக்காரர் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வருவார். சங்கச் செயலாளர் கரண்ட் போவதற்குள் மோட்டாரை ஓட்டி மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவார். என் மனைவி நாலு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கி வைப்பாள். மூன்றாம் மாடியில் ஒருவர் மட்டும், "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று டி.வி.யில் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து, முகூர்த்தம் குறித்துவிட்ட பெண் வீட்டுக்காரர் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குவார்.

"இன்னிக்கு ராத்திரி முட்டை வெச்சிடும் சார்."

புதிதாகக் குடிவந்தவர்கள் கோழி என்று நினைத்து, பிளாட்டில் கோழி வளர்க்கலாமா என்று செயலாளரிடம் போய்க் கேட்பதுண்டு. கோழி இல்லை, கெளுத்தி. அதுவும் குழம்பு வைக்கிற கெளுத்தி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த, விரல் நீளம்கூட இல்லாத, கோரிடோராஸ் என்கிற கண்ணாடித் தொட்டிக் கெளுத்தி. அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர யாரும் அதை உபயோகிப்பதில்லை. அவர் கெளுத்தி சார்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களெல்லாம் இந்த ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரெண்டு கோல்டு ஃபிஷ் வாங்கி, மூணாம் நாள் அதைப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, கண்ணாடி ஜாடியில் மணி பிளான்ட் வைப்பவர்கள்தான் நாட்டில் அதிகம். டாக்டர் ரத்த அழுத்தத்துக்குச் சொன்னார் என்று தொட்டி வாங்கி, மீன் நீந்துவதைப் பார்த்து மனசை லேசாக்கிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. நம்ம சாரும் அப்படித்தான் ஆரம்பித்தார். நிம்மதிக்காக வாங்கிய தொட்டி, முதல் முட்டை விழுந்த ராத்திரியோடு அந்த வேலையை விட்டுவிட்டது.

கோரி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறம், மீசை, உடம்பு முழுக்க ரெண்டு வரிசை ஓட்டுத் தகடு. கீழே விழுந்த நாலணாவைத் தேடுகிற தாத்தா மாதிரி நாள் பூரா தரையை முகர்ந்துகொண்டே திரியும். திடீரென்று ராக்கெட் போல மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே போய்விடும். அந்தக் காற்றிலிருந்து பிராணவாயுவைக் குடல் எடுத்துக்கொள்கிறதாம். குடலால் மூச்சுவிடுகிற ஜீவனை, தொட்டிக் கடையில் "க்ளீனர் சார், கீழ விழறத தின்னுக்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த வார்த்தையை மட்டும் கெளுத்தி சார் முன்னால் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு தடவை சொல்லிவிட்டு, 1858-ல் கில் என்பவர் டிரினிடாட் மீனைப் பார்த்து இந்தப் பித்தளை நிற இனத்துக்குப் பெயர் வைத்ததிலிருந்து, கிரேக்கத்தில் கோரி என்றால் தலைக்கவசம், டோராஸ் என்றால் தோல் என்பது வரைக்கும் லிஃப்ட் வாசலில் நின்று கேட்டேன். 2024-ல் விஞ்ஞானிகள் இந்த இனத்தையே வேறு பிரிவுக்கு மாற்றி ஆஸ்டியோகாஸ்டர் என்று ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரேஷன் கார்டில் குடும்பத்தலைவர் பெயரையே தப்பாக அடித்துவிட்டது போல வந்து நின்றார். "அவங்க என்ன வேணா மாத்தட்டும் சார், நம்ம வீட்ல கோரிதான்."

முட்டை வைக்கிற நுட்பம் இதுதான். அதன் சொந்த ஊரில் மழைக்காலம் தொடங்கி, ஆற்றில் குளிர்ந்த புதுத்தண்ணீர் வந்தால் அதற்குக் கல்யாண ஆசை வரும். ஆகவே தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, ரெண்டு மூணு டிகிரி குளிர்ந்த தண்ணீரை மழை மாதிரி ஊற்ற வேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின், போர் தண்ணீரில் உப்பு. அதனால் அவர் வீட்டு பக்கெட்டுகள் எல்லாவற்றிலும் 24 மணி நேரத்துக்கு ஏதோ ஒரு தண்ணீர் 'ரெஸ்ட்' எடுத்துக்கொண்டிருக்கும். அவசரத்துக்குக் குளிக்கப் போகிறவர் எந்த பக்கெட்டையும் தொட முடியாது. விருந்தாளிக்கு ஜூஸில் போட ஐஸ் இருக்காது. அதெல்லாம் பாலிதீன் கவரில் தொட்டி மேல் மிதந்துகொண்டிருக்கும். வெளியே காற்றழுத்தமும் இறங்கினால் மீனுக்கு அது தெரிந்துவிடும் என்பது இந்த ரகத்தாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஊரே வானிலை அறிக்கையைப் பார்த்துக் கலங்கும்போது இவர் மட்டும் பூரிப்பதற்குக் காரணம் அதுதான்.

போன ஐப்பசியில், ராத்திரி பத்தரை மணிக்கு, என் வீட்டுக் கதவைத் தட்டினார். குரல் கிசுகிசுத்தது. "செருப்பு வேணாம் சார், சத்தம் கேக்கும்."

ஹாலில் விளக்கெல்லாம் அணைத்திருந்தது. தொட்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் அவர் என்னை உட்கார வைத்தார். கண் பழகியதும் தெரிந்தது. ஒரு பெண் மீன் அடிவயிற்றுத் துடுப்பு இரண்டையும் கூப்பி, அதற்குள் மூணு முட்டையை, மடியில் மல்லிப்பூ வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தது. கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் தடவித் தடவிச் சுத்தம் பார்த்தது. திருப்தி இல்லை. இன்னொரு இடம். அங்கேயும் தடவல். பிறகு வயிற்றை அப்படியே கண்ணாடியில் அழுத்திவிட்டு நகர்ந்தது. பாயசத்து ஜவ்வரிசியைக் கடுகளவுக்குச் சின்னதாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி மூணு மணி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னாலேயே ரெண்டு ஆண் மீன்கள். எனக்கு உள்ளபடியே பேச்சு வரவில்லை. சார் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மீனை இல்லை.

அந்த மூணு முட்டைக்குமுன் நடப்பது இன்னும் விசேஷம். அதை அவர் எதிர்வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில், வாழைக்காய் பஜ்ஜி இரண்டை ஆங்கில 'டி' எழுத்துப் போல இலையில் வைத்து விளக்கியிருக்கிறார். ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் அடிவயிற்றில் வாயை வைத்து விந்தை விழுங்கிவிடும். அது குடல் வழியாகக் கெடாமல் வெளியே வந்து, துடுப்பில் ஏந்திய முட்டையோடு சேரும். 1995-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதிய சங்கதி, கட்டுக்கதை இல்லை. பந்தியில் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த யாரும் அதற்கப்புறம் பஜ்ஜியைத் தொடவில்லை என்பதும் கட்டுக்கதை இல்லை.

முட்டையைத் தொட்டியிலேயே விட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். எனவே காலாவதியான ஏ.டி.எம். கார்டால் ஒவ்வொன்றாகச் சுரண்டித் தனி டப்பாவுக்கு மாற்ற வேண்டும். விடிய விடிய சுரண்டி, பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் எழுதினார்: 112.

இந்த ரகத்தாரின் வாழ்க்கையே அந்த எண்தான். அது ஏறவே ஏறாது, இறங்கும். கருவுறாத முட்டை வெளுத்துப்போய் இலவம்பஞ்சு மாதிரி பூசணம் கட்டும். அந்தப் பஞ்சு பக்கத்து முட்டையையும் பிடிக்கும். உடனே பொறுக்கி எறிய வேண்டும். மெத்திலின் ப்ளூ நாலு சொட்டு விட வேண்டும். பத்து விரலும் நீலமாக ஆபீஸ் போனவரை, "மொத்தம் எத்தனை ஓட்டு சார் போட்டீங்க?" என்று கேட்டார்களாம். மருந்தே வேண்டாம், பாதாம் மரத்துச் சருகு போதும் என்று இன்னொரு கட்சி இருக்கிறது. எங்கள் தெருவில் அந்தச் சருகு கொட்டிக் கிடக்கிறது. மீன் கடையில் அதையே கவரில் போட்டு விற்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவர் குனிந்து குனிந்து சருகு பொறுக்குவதைப் பார்த்த துப்புரவு அம்மா, "வேலைக்கு ஆள் போட்டுட்டாங்களா?" என்று மேஸ்திரியிடம் விசாரித்துவிட்டார்.

ரெண்டாம் நாள்: 87. அன்றைக்குத்தான் புயல் உண்மையாகவே வந்தது. கரண்ட் போயிற்று. டப்பாவில் காற்று ஓடாவிட்டால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பேட்டரி பம்ப் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தாக்குப்பிடித்தது. அதன்பின் கெளுத்தி சார் ஒரு டம்ளரை எடுத்தார். டீ மாஸ்டர் ஆற்றுவது போல, ஆனால் நுரை வராமல், மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நீங்கள் எவ்வளவு படித்தவராயிருந்தாலும், தாழ்வு மண்டலத்தைக் கூப்பிட்டால் கரண்ட் கட்டும் கூட வரும் என்பதை இந்த ரகத்துக்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மூணாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். முட்டை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே சுருண்டு கிடந்ததற்கு ரெண்டு கரும்புள்ளிக் கண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் ஒரு சொடுக்குச் சொடுக்கியது. நாலாம் நாள் பொரிந்தன. 64. சீரகத்தில் கண் வைத்தது மாதிரி, வயிற்றில் ஒரு மஞ்சள் மூட்டையோடு டப்பாவின் அடியில் கிடந்தன. அதுவரை "முட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று காலையிலிருந்து "பசங்க" என்றார்.

பசங்களுக்கு முதல் ரெண்டு நாள் மூட்டைச் சாப்பாடே போதும். பிறகு வேளைக்கு வேளை உயிருள்ள தீனி. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆர்ட்டீமியா முட்டைத் தூளைப் போட்டுக் காற்று ஓட்டினால் ஒரு நாளில் ஆரஞ்சுப் புழுதி மாதிரி குஞ்சுகள் பொரியும். ஒரு பக்கம் டார்ச் அடித்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு ஓடிவரும். அப்படியே உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசி, ஊட்ட வேண்டும். அதாவது முட்டையைப் பொரிக்கவைத்து வந்த குஞ்சுக்குப் போட, இன்னொரு முட்டையைப் பொரிக்கவைக்க வேண்டும். சமையலறை அலமாரியில் அந்தத் தூள் இருக்கும் புட்டியின் மேல், அவர் மனைவி கையெழுத்தில், 'இது காப்பித்தூள் அல்ல' என்று ஒட்டியிருக்கிறது. அனுபவத்தில் எழுதியது என்பது கையெழுத்திலேயே தெரியும்.

அந்த அம்மாவிடம் ஒரு நாள் அனுதாபமாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "இல்லீங்க, இது நல்லதுங்க. முன்னாடியெல்லாம் ராத்திரி ஒம்பது மணி நியூஸைப் பாத்துட்டு நாடு என்னாகுமோ, உலகம் என்னாகுமோன்னு ரெண்டு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டு இருப்பாரு. இப்ப அதெல்லாம் இல்ல. இந்த டப்பா என்னாகுமோன்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை மீன்கார அம்மா கூடை இறக்கும்போதும் சார் ஆஜர். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் தடையில்லாமல் வாங்குவார். வஞ்சிரத்தின் முகம் அவருக்குப் பழக்கமில்லை. கெளுத்தி மட்டும் கூடாது. "இது கடல் கெளுத்தி. இதுல அப்பன்தாம்மா முட்டையை வாயிலயே வெச்சுக் காப்பாத்தறான். பொரியற வரைக்கும் பட்டினி." சொன்னது சரிதான், கடல் கெளுத்தியில் அப்பன் வாய்தான் தொட்டில். அந்த அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அப்பனோ தாத்தாவோ, குழம்புக்கு வேணுமா வேணாமா, சொல்லு சார். வெயில் ஏறுது."

லாப நஷ்டம் பேசினால் அவர் காது கேட்காது. அதற்கு முந்தின வருஷத்து பேட்சில் ஏழு தேறியது. தொட்டியில் இடமில்லை, விற்றுவிட்டு வருகிறேன் என்று கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக் கொளத்தூருக்குக் கொண்டுபோனார். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் போய் ஏழு மீனை விற்பது திருப்பதிக்குப் போய் லட்டு விற்பது மாதிரி. கடைக்காரர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வெச்சிட்டுப் போங்க சார், ஒரு தீனி பாக்கெட் எடுத்துக்குங்க" என்றாராம். ஒரு நிமிஷம் கடைத் தொட்டிகளைப் பார்த்தார். அங்கே மூலையில் தனியாக நாலு கோரி வாடிக்கொண்டிருந்தன. ஏழோடு போனவர் பதினொன்றோடு திரும்பி வந்தார்.

இந்தத் தடவை எண் 64-லிருந்து 41, 30, 22 என்று வந்து, மூணாவது வாரம் 19-ல் நின்றது. அப்போது பார்த்து மதுரையில் மச்சினி மகள் கல்யாணம். சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே ரெண்டு பக்கத்துக்கு எழுதிய குறிப்பு. நாலு வேளை தீனி. காலையும் மாலையும் மெல்லிய டியூபால் கசடு எடுக்க வேண்டும். எடுத்த தண்ணீரை உடனே கொட்டக் கூடாது, வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, யாராவது தவறி வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். 'யாராவது' என்றுதான் எழுதியிருந்தது. கிளம்புமுன் ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். பத்தொன்பது. வங்கி லாக்கர் ஒப்படைத்தது மாதிரி தலையசைத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

ரெண்டு நாளும் நான் எண்ணினேன். மீசை முளைத்த, நகத்தளவுப் பயல்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே நிழலாகப் படுப்பான்கள், அல்லது திடீரென்று இடம் மாறுவான்கள். ஒரு தடவை பதினேழு வரும், ஒரு தடவை இருபத்தொன்று. சராசரி சரியாக இருந்தது என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மதுரையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என் தோளில் கை வைத்து, "பரவால்ல சார். நடக்கறதுதான்" என்றார். சாவு வீட்டில், பத்து நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு சொல்கிற "பரவால்ல".

ஒன்பது நாள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், மூணாம் மாடி வரும்வரை நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடி ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. அதைப் பற்றிக்கூட என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நான் சத்தியமாக எல்லாக் கசடையும் வெள்ளைக் கிண்ணத்தில் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன். அனேகமாகப் பார்த்தேன். கடைசி நாள் சாயங்காலம் செல்போன் அடித்தது, அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தேன். லுங்கி முழங்காலுக்கு மேல், கையில் பிரித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மாடிப்படி நெடுகிலும் கோடு.

"ஸ்பாஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவுல இருந்திருக்கான் சார். உள்ள சேர்ற கசடைத் தின்னே வளந்திருக்கான். மத்தவனுங்களை விடக் கொழுகொழுன்னு இருக்கான்."

என் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பாதிப் படி ஏறியவர், கைப்பிடிக் கம்பிக்கு மேல் தலையை நீட்டினார்.

"பத்தொன்பது."