உருகாத உருகி

வீட்டுக் கார் ஷெட்டைப் பட்டறையாக்கும் தமிழ்நாட்டுக் கைவினைஞர், விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கில் செருகிய ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வெல்டிங் மெஷினையும் கம்ப்ரஸரையும் சேர்த்து இயக்கிக் காட்டும் சிக்கனம் போற்றத்தக்கது. மிகை மின்னோட்டத்தில் தானே உருகிச் சுற்றைத் துண்டிக்கும் ஃபியூஸ் கம்பி அடிக்கடி உருகும் பலவீனமுடையது என்பதால், அதனிடத்தில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்தது, இயற்பியலுக்கு அவர் வழங்கிய திருத்தமாகும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும் ஆர்சிசிபி என்னும் கோழைக் கருவியும், பிளக்கின் மூன்று முட்களில் நீளமான எர்த் முள்ளும் (ஒடித்துவிட்டால் இரு துளைப் பலகையிலும் நுழையும் என்பது கூடுதல் நன்மை) இவ்வாறே பணி ஓய்வு பெற்றன. எனினும், தம் செல்பேசியை மட்டும் அவர் அங்கே சார்ஜ் செய்வதில்லை. விலை உயர்ந்த பொருளாம்.