வண்டிக்கு விக்கல்

கோயம்புத்தூரில் யாரிடமும் உங்கள் வண்டிக்கு ஒரு கோளாறு என்று வாய்விட்டுவிடாதீர்கள். வேறு ஊரில் என்றால் "அப்படியா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்துவிடுவார்கள். 1937-லேயே ஜி.டி. நாயுடு மின் மோட்டார் செய்து காட்டிய ஊர். கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர். 2005-ல் நரேன் கார்த்திகேயனை ஃபார்முலா ஒன்னுக்கு அனுப்பிய ஊர். சிறுவாணித் தண்ணீரோடு கொஞ்சம் கிரீஸும் கலந்து வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த ஊரில்தான், நாற்பத்தெட்டு வயதில், நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டு சீட்டு. கம்பெனி பெயர் வேண்டாம். நடந்ததில் அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வெயிலில் பெயின்ட் கொஞ்சம் வெளுத்திருந்தது. டிரைவர் பக்கக் கதவில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் புதுசு போலப் பளபளத்தது. என்ன இது என்று கேட்டேன். "அது ஒரு அழகுக்குங்க" என்றார் புரோக்கர். நம்பினேன்.

அப்பா வண்டியை ஒருமுறை வலம் வந்தார். "இந்தக் காசுக்குத் தோட்டம் பூரா சொட்டுநீர் போட்டிருக்கலாம். இதுல ஒரு ஆடு ஏத்தறக்குக்கூட எடமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிரச்சினை முதல் நாளே தெரிந்துவிட்டது. முதல் கியரைப் போட்டு கிளட்சை மெல்ல விடுவேன். ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் விடுவேன். அப்போதும் ஒன்றும் நடக்காது. அடுத்த அரை அங்குலத்தில் எல்லாமே நடந்துவிடும். வண்டி எகிறும், தலை பின்னால் போகும், நின்றுவிடுமோ என்று பயந்து காலை அழுத்தினால் தலை முன்னால் வரும். 'ஆஃப் கிளட்ச்' என்று டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தார்களே, அப்படி ஒரு இடமே இதில் கிடையாது. தெருப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் 'செந்தவளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மருதமலை அடிவாரத்தில் மாட்டிக்கொண்டேன். ஏற்றம். முன்னால் ஒரு டெம்போ, நாலடி நகர்வதும் நிற்பதுமாக. டெம்போவின் நாலடியை என் வண்டி மூன்று குதியில் கடந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு நடந்துவந்த ஒரு பாட்டி ஐந்து நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியில் தட்டி, "ஏங்கண்ணு, வண்டிக்கு விக்கலாட்டம் இருக்குது. சித்தெ தண்ணி ஊத்திப் பாரு" என்றார்.

வீடு திரும்புவதற்குள் செய்தி பரவிவிட்டது. ஊரே வைத்தியர்களாகிவிட்டார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா ஃபிளைவீலைக் கழற்றி லேத்தில் கொடுக்கச் சொன்னார். ஆயில் கடை நண்பர், ஆயில் சீல் கசிந்து கிளட்ச் பிளேட் நனைந்துவிட்டது என்றார். மச்சினர் பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். ஆட்டோமேட்டிக் கார் வாங்கச் சொன்னார். ஒவ்வொருவரும் தன் கடையில் கிடைக்கும் மருந்துக்கு ஏற்ற வியாதியாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் கணபதியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். "காலைல பச்சை என்ஜின்ல குதிக்குதுங்களா, சூடானப்பறமா?" ரெண்டிலும். "ரிவர்ஸ்ல?" அதிலும். "ஓடிட்டிருக்கறப்போ ரெண்டு, மூணு மாத்துனா?" அப்போது ஒன்றுமில்லை. புறப்படும்போதுதான். பஞ்சாங்கம் பார்ப்பவர் மாதிரி மேலே பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

முதலில் கிளட்ச் லைனில் இருந்த பிரேக் ஆயிலை இறக்கினார். டாட் 4 ஆயில். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது, கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது. இந்த ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். பாட்டி ஊற்றச் சொன்ன தண்ணீர் ஏற்கெனவே உள்ளேதான் இருந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி, பையன் பெடலை மிதிக்க மிதிக்க, குழாயில் இருந்த காற்றையெல்லாம் எடுத்தார். ஓட்டிப் பார்த்தேன். நல்ல முன்னேற்றம்: முன்பு பெடல் தரையருகே இருக்கும்போது குதித்த வண்டி, இப்போது நடுவில் வரும்போது குதித்தது.

"ஆயில் மாத்தறது அதுக்கில்லீங்க. அழுக்க எடுத்தாத்தான் நோவு எங்கன்னு தெரியும்" என்றார்.

அடுத்தது ஒரு காசு செலவில்லாத சோதனை. பானெட்டைத் திறந்து வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடும்படி பையனிடம் சொன்னார். "என்ஜினப் பாருங்க" என்றார். பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையூன்றி எழுவது மாதிரி என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. கிளட்சை மிதித்ததும் தொப்பென்று உட்கார்ந்தது. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. விரலை விட்டால் உள்ளே போனது. கிளட்ச் பிடிக்கும்போது என்ஜின் சாய்கிறது, சாய்ந்தது திரும்பி வந்து முட்டுகிறது, அந்த முட்டல் வண்டியை உதறுகிறது.

இரண்டு மவுண்டிங்கும் மாற்றினோம். உதறல் போய்விட்டது, எகிறல் போகவில்லை. இப்போது விக்கல் இல்லாமல் சுத்தமாக ஒரே தாவல்.

"சரிங்க, கியர் பாக்ஸ இறக்கிருவோம்" என்றார் அண்ணன். இந்த வாக்கியத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "சித்தெ உக்காருங்க, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சு" என்று டாக்டர் சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

மறுநாள் மாலை போனபோது பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்திருக்கும் கிளட்ச் பிளேட் முழு வட்டமாக, அப்பளம் மாதிரி இருக்கும். இது ஆறு இதழ் விரித்த இரும்புப் பூ. இதழுக்கு ஒன்றாக, பிஸ்கட் அளவில் உலோகத் துண்டு. முகர்ந்து பார்த்தார், ஆயில் வாசனை இல்லை; சீல் நன்றாகவே இருந்தது. ஃபிளைவீலில் மட்டும் அங்கங்கே சூடு பட்டு மயில்கழுத்து நிறத்தில் திட்டுகள்.

"சாதா பிளேட்டுக்கு ரெண்டு பக்கத்து லைனிங்குக்கு நடுவுல அலை அலையா மெல்லிசா ஒரு ஸ்பிரிங் தகடு இருக்குமுங்க. அமுங்கி அமுங்கிப் பிடிக்கும். அந்த அமுங்கறதுதான் உங்க ஆஃப் கிளட்ச். இதுல அது இல்ல. மெத்தைல உக்காரறதுக்கும் ஆட்டுக்கல் மேல உக்காரறதுக்கும் உள்ள வித்தியாசம். இது ரேஸ் பிளேட்டுங்க. எவ்வளவு சூடானாலும் வழுக்காது."

பிறகு என்னை வண்டியின் கதவுக்குக் கூட்டிப்போனார். அழகுக்காக இருந்த அந்த வட்டத்தில் விரலை வைத்தார். "நம்பர் ஒட்டுன எடமுங்க. ஸ்டிக்கர் மறைச்சதால வெளுக்காம இருக்குது."

செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறதே, அதில் ஓடிய வண்டியாக இருக்கும் என்றார். "வண்டிக்கு வியாதியே இல்லீங்க. வேலையச் சரியாத்தான் செய்யுது. அங்க லைட் அணைஞ்சா ஒரே எகிறுதான், பொறகு கடைசி வரைக்கும் நிக்கற சோலியே இல்ல. நீங்க இதுல தக்காளி வாங்கப் போறீங்க."

கடைசியில் சித்தப்பாவும் ஜெயித்தார். ஃபிளைவீல் அவர் லேத்துக்குப் போய் முகம் வழித்துக்கொண்டு வந்தது. சாதா பிளேட், புது பிரஷர் பிளேட். மறுபடி கியர் பாக்ஸை இறக்கும் கூலிக்குப் பயந்து ரிலீஸ் பேரிங்கும் புதுசு. பிளேட் நகரும் பல்வரிசையில் அண்ணன் விரல் நுனியால் கிரீஸ் தடவினார், பிறகு தடவியதில் பாதியைத் துணியால் துடைத்து எடுத்தார். "எச்சா வெச்சா சுத்தறப்போ தெறிச்சுப் பிளேட்டுல படும். அப்பறம் அது வேற விக்கல்." முதல் ஐநூறு கிலோமீட்டர் ஆட்டம் காட்டாமல் ஓட்டச் சொன்னார். இரும்புப் பூ இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

அன்று இரவு புறப்பட்டபோது வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல. மறுநாள் காந்திபுரம் பக்கத்து சிக்னலில் போய் நின்றேன். எனக்கு முன்னாலிருந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் சிவப்பைப் பார்த்தார். பக்கத்து ஆட்டோவிடம் "தவள வந்துருச்சு, தள்ளிக்க" என்றார். இரண்டு ஆட்டோவும் ஒதுங்கின. பின்னால் வந்த டவுன் பஸ்கூடப் பத்தடி விட்டு நின்றது. கோயம்புத்தூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வண்டியைச் சுற்றிப் பத்தடி காலி இடம்! கலெக்டர் காருக்குக்கூடக் கிடைக்குமோ என்னவோ.

"வண்டி சரியாயிருச்சு" என்று சொல்லத்தான் கண்ணாடியை இறக்கினேன். பிறகு ஏற்றிக்கொண்டேன்.

ஐநூறு கிலோமீட்டர் போன மாதமே முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை, அந்த சிக்னலில் மட்டும், காலைச் சட்டென்று எடுத்து ஒரு குதி குதிக்க வைக்கிறேன். மெக்கானிக் அண்ணனிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.