பானெட் அண்ணன்

மதுரைக்குள் எந்த இடத்தில் வேண்டுமானாலும் காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். கோரிப்பாளையம் சிக்னலாக இருக்கட்டும், சிம்மக்கல் முக்காக இருக்கட்டும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலாக இருக்கட்டும். முட்டுக்கம்பியை எடுத்து நிறுத்துவதற்குள் உங்கள் தோளுக்கு மேலே இன்னொரு தலை எட்டிப் பார்க்கும். அவர்தான் பானெட் அண்ணன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு அவர் நேரம் கொடுப்பதும் இல்லை. நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஏதோ ஒரு வயது. மடித்துக் கட்டிய கைலி, அல்லது கஞ்சி கலையாத வெள்ளை வேட்டி. கையில் பாதி குடித்த டீ. வண்டியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அதிலேயே அவருக்கு நோய் பிடிபட்டுவிடும்.

"என்னண்ணே, எடுக்கலையா?"

"ஆமாண்ணே, சாவியைத் திருப்புனா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும்..."

"பேட்டரி."

அவ்வளவுதான். நீங்கள் பேச்சை முடிக்கவில்லை, அவர் தீர்ப்பையே முடித்துவிட்டார். ஒரு டக்கா, பல டக்கா? விளக்கு எரிகிறதா, மங்குகிறதா? பேட்டரி மாற்றி எத்தனை வருஷம்? ஒரு கேள்வி கிடையாது. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்து, "பேட்டரிதேன்" என்று உறுதிப்படுத்துவார். கூட்டமும் தலையாட்டும்.

இதில் கொடுமை, பாதிக்கு மேல் அவர் சொன்னது பலித்துவிடும். சாவியைத் திருப்பியதும் முதலில் அசைவது செல்ஃப் மோட்டார் இல்லை. அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு. அதற்குச் சொற்ப கரண்ட் போதும். அது உள்ளே இழுபட்டு, சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலில் கோத்துவிட்டு, கனமான செம்புத் தொடுமுனைகளைச் சேர்த்துவைக்கும். நம் காதில் விழும் 'டக்' அதுதான். சேர்ந்த மறுகணம் செல்ஃப் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் என்று உறிஞ்ச ஆரம்பிக்கும். பேட்டரியில் சாரம் இல்லையென்றால் வோல்டேஜ் படுத்துவிடும், சோலினாய்டு பிடியை விட்டுவிடும். விட்டதும் சுமை போய் வோல்டேஜ் எழுந்துகொள்ளும். மறுபடி இழுக்கும், மறுபடி விடும். டக்டக்டக்டக்.

போதாததற்கு எங்கள் ஊர் வெயிலும் அண்ணன் கட்சி. குளிர் பேட்டரியைச் சோம்பவைக்கும், கொல்வது சூடு. உள்ளே தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும். கத்திரி வெயிலில் திருமங்கலம் ரோட்டில் நிறுத்திவைத்த கார், ஒரு சாயங்காலம் டக்கென்று சொல்லிவிட்டுப் படுத்தால் ஆச்சரியமில்லை. எந்தக் கேள்விக்கும் ஒரே விடையை எழுதிப் பாதிக்கு மேல் மார்க் வாங்கியவனை நம்மால் எப்படித் திருத்த முடியும்?

ஆனால் எல்லா டக்கும் ஒன்றில்லை. கனமாக ஒரே ஒரு 'டக்', அதோடு அமைதி, ஹெட்லைட்டோ கொஞ்சமும் மங்காமல் நிற்கிறது என்றால், பேட்டரி பாவம், நிரபராதி. சோலினாய்டின் செம்பு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கலாம். இதை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். "நீங்க படிச்சதச் சொல்றீக, நாங்க பாத்ததச் சொல்றோம்" என்பார். இதற்கு எந்த மெக்கானிக்கல் இன்ஜினியரிடமும் பதில் கிடையாது.

எந்தப் பட்டறையில் பார்த்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் டிவிஎஸ் வரும். டி.வி.சுந்தரம் ஐயங்கார் நூறு வருஷத்துக்கு முன்பே பஸ் ஓட்டிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டுகிற டிவிஎஸ் கேஸ் பிளாண்ட்டைச் செய்தவர் அவர். அந்தக் குடும்பத்து லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் சென்னை பாடியில் தொடங்கியதிலிருந்து செல்ஃப் மோட்டார் செய்கிறது. ஆகவே மதுரையில் பிறந்த ஒருவருக்கு வண்டி ஞானம் ரத்தத்திலேயே வருகிறது என்பது அண்ணனின் கட்சி. "எங்க பெரிய மாமா டிவிஎஸ்ல இருந்தாரு" என்பார். மாமா அங்கே என்ன வேலையில் இருந்தார் என்பது இதுவரை வெளிவந்ததில்லை.

அவருக்கு இந்தக் காலத்து வண்டியே பிடிக்காது. "பழைய அம்பாசிடர்னா ஹேண்டிலை முன்னாடி விட்டு ஒரே சுத்து, கெளம்பிரும்" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஹேண்டில் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்த கதையெல்லாம் உலகம் முழுக்க உண்டு. அதற்குப் பயந்துதான் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்து காடிலாக்கில் ஏறியது. அண்ணன் ஹேண்டில் சுற்றியவர் இல்லை என்பதற்கு, அவருடைய இரண்டு மணிக்கட்டும் நேராக இருப்பதே சாட்சி.

தீர்ப்போடு நின்றால் பரவாயில்லை, சிகிச்சைக்கும் இறங்கிவிடுவார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தால், "ஏப்பா, ஒரு சோடா கொண்டா" என்று பெட்டிக்கடைக்குக் குரல் போகும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் உப்பு நுரைத்துக்கொண்டு கரையும், அது சரியான வைத்தியம். கடைப் பையன் கொண்டுவருவதோ பன்னீர் சோடா. அண்ணன் அதையே ஊற்றுவார். வண்டி கிளம்பாது, எறும்பு கிளம்பும்.

அடுத்தது, தட்டுதல். ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரை லேசாகத் தட்டினால், சிக்கிய கார்பன் அசைந்து ஒரு தடவை, இரண்டு தடவை ஸ்டார்ட் ஆவது உண்மைதான். வீடு வரை போய்ச் சேரலாம். அண்ணன் கல்லெடுத்துத் தட்டுவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை.

கடைசி ஆயுதம் தள்ளுதல். இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரை மாமா, மாப்ள என்று கூப்பிட்டுச் சேர்த்து, செகண்ட் கியரில் போடச் சொல்லி ஒரு தள்ளு தள்ளினார் என்றால் பல வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. காளவாசல் பாலத்தடியிலிருந்து பைபாஸ் ரோட்டில் பாதி தூரம் தள்ளியான பிறகு அவரே கண்டுபிடிப்பார்: "இதுல கிளட்ச்சே இல்லையேண்ணே!"

இனி எலக்ட்ரீசியன் வருகிற காட்சி. ஆரப்பாளையத்தில் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் பார்த்தது. நின்றுபோன காரின் சொந்தக்காரர் போன் போட்டு, பையன் ஒருவன் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தான். செல்ஃபே இல்லாத வண்டி, மிதித்துக் கிளப்புவது. அண்ணன் வரவேற்றார்: "வா மாப்ள, பேட்டரி போச்சு, வேற போடணும்."

பையன் பதில் பேசவில்லை. "சார், ஹெட்லைட்டைப் போடுங்க" என்றான். போட்டார்கள். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க." டக்டக்டக். விளக்கு செத்துப் பிழைத்தது. அண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பட்டமளிப்பு விழா இருந்தது.

பையன் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தான். 12.5. நல்ல பேட்டரி. பிறகு செய்தது எனக்குப் புதிது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேல் வைத்தான், இன்னொன்றை அந்தக் குமிழையே கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. "திருப்புங்க சார்." மீட்டர் 4 வோல்ட்டைத் தாண்டி நின்றது. ஒழுங்கான இணைப்பென்றால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. அந்த நாலு வோல்ட்டும் செல்ஃபுக்குப் போகாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. கிளாம்ப்பை விரலால் தொட்டுப் பார்த்து, "சுடுது" என்றான். கழற்றினால், வெளியே பளபளவென்று இருந்த கிளாம்ப்பின் உள்வட்டம் முழுக்க சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டினான். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க அதுதான் முறை. திருப்பியதும் அரைச் சுற்றில் எடுத்தது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, மிதித்துக் கிளம்பிப் போய்விட்டான்.

அண்ணன் அசரவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, பேட்டரிலதேன் கோளாறுன்னு!" கிளாம்ப் மாட்டியிருந்தது பேட்டரியில்தானே. கூட்டம் ஒப்புக்கொண்டது. வண்டிக்காரரும் நன்றியை அண்ணனுக்குத்தான் சொன்னார். பையனுக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவர் பேச்சைக் கேட்டு அன்றைக்கே புதுப் பேட்டரி வாங்கியிருந்தால் நாலைந்தாயிரம் போயிருக்கும். அதில் இன்னொரு வேடிக்கை: புதுப் பேட்டரி மாட்டுகிறவன் கிளாம்ப்பையும் சுரண்டித்தான் மாட்டுவான், வண்டி எடுத்துவிடும், அண்ணன் சொன்னது சரியாகிவிடும். தோற்கவே வழியில்லாத ஆட்டம்.

ஆகவே கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும். வண்டி டக்கென்றால் உடனே இறங்காதீர்கள். உள்ளே உட்கார்ந்தபடியே ஹெட்லைட்டைப் போட்டு, சாவியைத் திருப்பி, விளக்கு மங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல், மங்காவிட்டால் செல்ஃப். இவ்வளவும் முடித்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். அண்ணன் வருவார், பேட்டரி என்பார்; மறுத்துப் பேச வேண்டாம். கியர் வண்டியாக இருந்தால் மட்டும், டீக்காசைக் கொடுத்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள்.