கடன் வரம்புக் குறைப்பு: எல்லையோர நடைமுறை பற்றிய ஆய்வு

கடன் கொடுப்பவர், வாங்குபவரைக் கலக்காமல், "இனி இவ்வளவுதான்" என்று தீர்மானிப்பது கடன் வரம்புக் குறைப்பு எனப்படும். கடன் மறுப்பு வேறு, இது வேறு. மறுக்கப்பட்டவர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போகிறார். குறைக்கப்பட்டவரோ அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கட்டி வைத்தாகி, பின்னால் நாலு பேர் நிற்கும்போதுதான் செய்தி அறிகிறார். கேரளத்தின் தமிழ் பேசும் எல்லைப் பகுதிகளில், அதாவது இடுக்கியின் குமுளி, வண்டன்மேடு, பூப்பாறை, மறையூர் பக்கத்திலும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்திலும், இது இரண்டு வடிவங்களில் நிகழ்கிறது. ஒன்று மளிகைக் கடையின் பற்று நோட்டு. மற்றது வங்கியின் கிரெடிட் கார்டு. பற்று நோட்டு மூத்தது என்பதால் அதற்கே முதலிடம்.

பற்றுக்கு வரம்பு உண்டு. ஆனால் கடைக்காரர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, எங்கும் எழுதி வைப்பதுமில்லை. சுவரில் எழுதியிருப்பது 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்பது மட்டுமே. சில கடைகளில் அது மலையாளத்திலும் இருக்கும். இரண்டு மொழியிலும் அதை யாரும் சட்டமாக எடுத்துக்கொண்டதில்லை. மெய்யான வரம்பு கடைக்காரரின் மனத்தில் இருக்கிறது, அன்றாடம் திருத்தப்படுகிறது. வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், தோட்டத்துச் சம்பளம் எந்தத் தேதி, பால் சொசைட்டிக் காசு வந்ததா, எதிர்க் கடையில் எவ்வளவு நிற்கிறது என்பன அதற்கான தரவுகள். ஏலமலையில் இன்னொன்றும் சேரும்: புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் என்ன விலை போனது என்பது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் உயர்தரக் காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி விலை 1000 ரூபாய்க்குக் கீழே வந்தது. காய் விலை ஏறினால் பற்று இளகும், இறங்கினால் இறுகும். தோட்டமே இல்லாத கூலிக்காரருக்கும் இந்த விதி பொருந்துவது ஏன் என்பது, காய் பறிக்க ஆள் கூப்பிடுபவர் யார் என்று யோசித்தால் விளங்கும்.

குறைப்பை அறிவிக்கும் முறை தனிக் கவனத்துக்குரியது. முதல் அறிகுறி பேனா. நேற்று வரை காதிலோ சட்டைப் பையிலோ இருந்த பேனா இன்று அகப்படாது. கடைக்காரர் மேசைக்கு அடியில் தேடுவார், தராசுக்குப் பின்னால் தேடுவார், "இங்கதான வெச்சேன்" என்பார். இந்தக் கட்டத்தில் வாடிக்கையாளர் தன் பேனாவை எடுத்து நீட்டுவது நாகரிகமில்லாத செயல். அடுத்தது சரக்குப் பஞ்சம். இரண்டு கிலோ சர்க்கரை கேட்டவருக்கு அரைக் கிலோதான் இருக்கும். மூட்டை கண்ணெதிரே கிடந்தாலும் அது "வேற ஒருத்தருக்குச் சொல்லி வெச்சது". அதற்கும் அசையாதவருக்கு நிர்வாக மாற்றம் காத்திருக்கிறது. கல்லாவில் மகன் உட்கார்ந்திருப்பான். "அப்பா வரட்டும்ணே" என்பான். அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பது ஏப்பத்திலிருந்து தெரியவரும், ஆயினும் யாரும் அதைக் குறிப்பிடுவதில்லை. இறுதியானது கணக்கு வாசிப்பு. "அண்ணே, பழைய கணக்கு ஒண்ணு நிக்குதே" என்ற வாக்கியம், கடையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கும் நேரம் பார்த்து, அவரைப் பார்த்தபடியே சொல்லப்படும். அந்த வாக்கியத்துக்குத் தேவையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் பேனாவும் சர்க்கரையும் மகனும் செய்யும் வேலை. இந்த நாசூக்கை வங்கித் துறை இன்னும் எட்டவில்லை.

பற்று வரம்புக்குப் பருவமும் உண்டு. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால், போனஸ் வரும் என்ற நம்பிக்கையில் அது விரியும். மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்ததை எதிர்த்து 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சாலையை மறித்ததன் பின்னணியில், போனஸை நம்பி எழுதப்பட்ட பற்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏல மகசூல் ஓய்ந்த கோடையில் வரம்பு சுருங்கும். ஜூனில் மழை தொடங்கும், வேலைநாள் குறையும், பள்ளிக்கூடம் திறக்கும்; நோட்டு, குடை, யூனிபார்ம் என்று செலவு குவியும். வரம்பு மிக ஒடுங்கியிருப்பதும் அந்த மாதத்தில்தான். இதில் முரண் ஏதுமில்லை. கடன் என்பது தேவைப்படாதவருக்குத் தாராளமாகக் கிடைப்பது.

கிரெடிட் கார்டில் இத்தகைய நாடகம் கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைப்படி, வரம்பை உயர்த்த வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். குறைப்பதற்கு அவருக்குத் தெரிவித்தால் போதும். தெரிவிப்பது பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில் நடக்கிறது. குமுளி பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு அது, கேரளத்துக்கு வரவேற்கும் செய்திக்கும் ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் நடுவே, ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. 'லோன் தர்றேங்கிறான்' என்று அவர் அதை அழித்துவிடுகிறார். விஷயம் தெரியவருவது, கம்பத்தில் பெட்ரோல் போட்ட பிறகு, கார்டைத் தேய்க்கும்போது.

வரம்பு குறைவதன் காரணங்களில் சில கார்டுக்காரரைச் சார்ந்தவை: தவணை பிந்தியது, கார்டை மாதக்கணக்கில் தொடாமல் வைத்தது, வேறு இடங்களில் கடன் பெருகியது. சில அவரைச் சாராதவை. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கிரெடிட் கார்டு கடனுக்கான அபாய எடையை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதனால் அதே கடனுக்கு வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனம் கூடியது. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் தேதி தவறாமல் கட்டிவந்தும் வரம்பு குறைந்தால், காரணம் மும்பையில் இருக்கலாம்.

பாலக்காட்டு நெல் விவசாயிக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. மாநில அரசு நிறுவனமான சப்ளைகோ நெல்லைக் கொள்முதல் செய்து ரசீதுத் தாள் தருகிறது. அந்தத் தாளின் பேரில் வங்கி பணம் கொடுக்கும்போது, அது விவசாயியின் பெயரில் கடனாகப் பதிவாகும் முறை நடைமுறையில் இருந்துவருகிறது. அரசு பின்னர் வட்டியோடு அடைக்க வேண்டும். அரசு தாமதித்தால் கடன் பதிவேட்டில் கெடுவது விவசாயியின் பெயர். நெல்லை விற்றதாலேயே கடன்காரர் ஆகும் இந்த ஏற்பாட்டை எந்த மளிகைக் கடைக்காரரிடம் விளக்கினாலும், முதலில் பேனாவைத்தான் ஒளித்து வைப்பார்.

விளைவுகள் கணக்கால் விளங்கும். 1,00,000 ரூபாய் வரம்பில் 30,000 ரூபாய் பாக்கி இருந்தால் பயன்பாடு 30 சதவீதம். வரம்பு 40,000 ஆகக் குறைந்தால் அதே பாக்கி 75 சதவீதம். ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவழிக்காமல் ஒருவர் ஊதாரி ஆகிவிடுகிறார். 300-லிருந்து 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணில் அது எதிரொலிக்கலாம். 2025 ஜனவரியில் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்ததிலிருந்து, ஒரு வங்கி குறைத்தது மற்ற வங்கிக்கு விரைவில் தெரிந்து அதுவும் குறைக்க வாய்ப்புண்டு. கடைத்தெருவிலும் இந்தத் தொற்று உண்டு. அங்கே 15 நாள் ஆகாது. டீக்கடையில் ஒரு காலைப் பொழுது போதும்.

எதிர்கொள்ளும் முறைகளுக்கு வருவோம். பற்றுக் குறைப்புக்கு நெடுங்காலமாகக் கைகண்டது, கையில் இருப்பதில் பாதியைக் கட்டி, அதே மூச்சில் அதைவிடப் பெரிய சீட்டை நீட்டுவது. கட்டிய தொகையின் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும். எல்லை தாண்டிக் கம்பத்திலோ போடியிலோ பொள்ளாச்சியிலோ புதுக் கணக்குத் தொடங்குவதும் உண்டு. இரு மாநிலங்களிலும் வரவேற்கப்படும் வாடிக்கையாளர், காலம் செல்ல, இரு மாநிலங்களிலும் தேடப்படும் வாடிக்கையாளர் ஆகிறார். எல்லாவற்றிலும் வலிமையானது பாட்டியை அனுப்புதல். கடைக்காரரின் கல்யாணத்துக்கு வந்த கிழவியிடம் பேனாவைக் காணோம் என்று சொல்லும் துணிவு இதுவரை எந்தக் கடைக்காரருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

வங்கிக்குப் பாட்டியை அனுப்பிப் பயனில்லை. முதலில் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் பிழை இருந்து, புகார் செய்து 30 நாளில் திருத்தாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம், வங்கியின் வணிக முடிவு குறித்த புகாரை ஏற்பதில்லை. ஆகவே வரம்பைக் குறைத்தார்கள் என்று அழ முடியாது. குறைத்ததைச் சொல்லவில்லை என்று அழலாம். இந்த வகையில் ரேஷன் கார்டுக்காரர் கொடுத்துவைத்தவர். முன்னுரிமைக்கான இளஞ்சிவப்பு அட்டை, முன்னுரிமையில்லாத வெள்ளையானால் தாலுகா சப்ளை ஆபீஸில் மனு கொடுத்து, தான் இன்னும் ஏழைதான் என்று வாதாட வழியிருக்கிறது.

மனம் வெறுத்துக் கார்டையே வேண்டாம் என்பவருக்கும் விதி உண்டு. பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவருக்குத் தர வேண்டும். பற்று நோட்டுக்கு இப்படியொரு முடிப்பு முறை இல்லை. முழுப் பாக்கியையும் எண்ணி வைத்தாலும் கடைக்காரர் பத்து ரூபாயைத் திருப்பித் தந்து, "இது கெடக்கட்டும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். புது நோட்டின் முதல் வரியில் 'பழைய பாக்கி 10' என்று அது ஏறிவிடும்.